ஒரே நாளில் இரண்டு மசோதாக்கள்

2023 ஏப்ரல் 21ஆம் தேதி தமிழ்நாடு சட்டசபையில் இரண்டு மசோதாக்கள் நிறைவேறின. ஒன்று, 12 மணி நேர வேலைக்கு வழி திறந்த தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம். மற்றொன்று, சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்பு மசோதா.

முதலாவதை எதிர்த்துத் தொழிற்சங்கங்கள் கிளர்ந்தெழுந்தன. மூன்றே நாளில் சர்க்கார் அதை நிறுத்தி வைத்தது. மே தினத்தன்று வாபஸ் என்று அறிவித்தது. இரண்டாவதோ விவாதமே இல்லாமல் நிறைவேறி, 2024 அக்டோபரில் அமுலுக்கு வந்தது.

அது என்ன சொல்லுகிறது? 100 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 250 ஏக்கருக்குக் குறையாத நிலத்தில் திட்டம் போடுகிறவர், அதற்குள் இருக்கும் ஏரி, ஓடை, வாய்க்காலையும் சேர்த்து ஒருங்கிணைத்துத் தரும்படி கேட்கலாம். நீரின் கொள்ளளவு குறையாது என்று சமாதானம் சொன்னார்கள்.

ஏரி என்பது வெறும் கொள்ளளவுதானா? வரத்துக்கால் ஓர் ஊரிலிருந்து வருகிறது. கலங்கல் வழிந்து அடுத்த ஊர் ஏரிக்குப் போகிறது. காஞ்சிபுரம், செங்கற்பட்டுப் பக்கத்து ஏரிகள் சங்கிலிபோல் கோத்தவை. நடுவில் ஒன்றை வேலிக்குள் அடைத்தால் கோடையில் கீழூர் காயும். மழையில் மேலூர் முழுகும். இன்று மதகைத் திறக்கச் சொல்லிக் கேட்க ஆயக்கட்டு விவசாயிக்கு உரிமை உண்டு. நாளை கம்பெனி கேட்டில் காவற்காரனிடம் கைகட்டி நிற்பதா?

ஏரிக்கரையில் குடிசை போட்ட ஏழை, 2007ஆம் வருஷத்து ஏரிகள் பாதுகாப்புச் சட்டப்படி ஆக்கிரமிப்பாளன். 250 ஏக்கர் கேட்பவரோ முதலீட்டாளர்! இவனுக்கு வெளியேற்ற நோட்டீஸ். அவருக்குத் தனிச் சட்டம்.

நிலத்துக்கு விலை பட்டாதாருக்குப் போகும். தண்ணீர் போனால் நடவும் களையெடுப்பும் அறுப்பும் போகும். அந்தக் கூலிக்கு எந்தப் பத்திரத்தில் விலை எழுதுவார்கள்? ஊர்க் கிணறு வற்றினால் மில் தொழிலாளி வீட்டுப் பெண்ணும்தானே குடத்தோடு அலைய வேண்டும்?

தொழில் வரக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. தரிசில் வரட்டும்; ஏரியை விழுங்கி வர வேண்டாம். ஏரியையும் வாய்க்காலையும் கைமாற்றும் அதிகாரம் எந்தச் சட்டத்திலும் இருக்கக் கூடாது. கிராம சபையின் சம்மதமின்றி ஒரு மதகிலும் கை வைக்கக் கூடாது.

தோழர்களே! 12 மணி நேர வேலை தானாக ஒழியவில்லை. ஒன்றுபட்ட எதிர்ப்பே அதை ஒழித்தது. தண்ணீர் விஷயத்தில் அந்த ஒற்றுமை இன்னும் பிறக்கவில்லை. மில் கேட்டிலும் களத்துமேட்டிலும் இதைப் பேசுங்கள். ஆலைச் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் ஒரே மேடையில் ஏறட்டும்!