கொடைக்கானல் குளிர் உங்கள் டர்போவைக் காப்பாற்றாது

வீக்எண்ட் வந்தால் போதும். இ-பாஸ் எடுத்துக்கொண்டு, ரீமேப் செய்த டர்போ கார்கள் வத்தலக்குண்டு தாண்டி மலையேறத் தொடங்கிவிடுகின்றன. “மேலே குளிர்தானே, இன்ஜின் ஜில்லுன்னு இருக்கும்” என்பது பலரின் கணக்கு. அந்தக் கணக்கு பாதிதான் சரி.

ஏன் சூடாகிறது?

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. அதே சக்தியைக் கொடுக்க டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். அப்போது அது அழுத்தி அனுப்பும் காற்று கூடுதலாகச் சூடாகும். ரேடியேட்டர் வழியாகப் போகும் காற்றும் அடர்த்தி குறைந்தது என்பதால், வெப்பத்தை முன்புபோல வாரிக்கொண்டு போகாது. இதோடு ஏற்றம், இரண்டாவது கியர், முன்னால் ஊர்ந்து போகும் ஒரு பஸ்!

பெட்ரோல் டர்போ காரில் முழு லோடில் எக்ஸாஸ்ட் புகை 900 டிகிரி செல்சியஸைத் தொடும். பக்கத்திலேயே ஒயரிங், ரப்பர் ஹோஸ், பெட்ரோல் லைன். இவை காய்ந்து வெடித்தால், அடுத்தது புகை அல்லது தீ.

எங்கே தப்பு செய்கிறோம்?

டவுன்பைப் மாற்றும்போது கம்பெனி கொடுத்த தகர ஹீட் ஷீல்டைக் கழற்றிப் போட்டுவிடுகிறோம். அதைத் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். பொருந்தவில்லை என்றால் வேறு செய்து மாட்டுங்கள். அடுத்து, பானெட்டுக்குள் திறந்தபடி இருக்கும் கோன் ஃபில்டர். வெளியே 15 டிகிரி குளிர் இருக்கும்போது உள்ளே இருக்கும் அனலை உறிஞ்சுவதற்கா இவ்வளவு செலவு? மூடிய ஏர் பாக்ஸும் முன்பக்கக் குழாயுமே நல்லது.

எக்ஸாஸ்ட்டில் சுற்றும் ஹீட் ராப் வேலை செய்யும். ஆனால் மலை மழையிலும் பனியிலும் அது ஈரம் பிடித்தால் உள்ளே பைப் துருப்பிடிக்கும். அதில் ஆயில் கசிந்தால் தீப்பிடிக்கும். டர்போ பிளாங்கெட்டை எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் போடுங்கள். பானெட்டின் பின்பக்கத்தை வாஷர் வைத்துத் தூக்குவது, நின்றிருக்கும்போது கொஞ்சம் உதவும். ஹைவேயில் கண்ணாடியோரம் காற்றழுத்தம் அதிகம் என்பதால், காற்று அந்த வழியாக உள்ளேதான் வரும்.

என்ன செய்யலாம்?

முதலில் அளந்து பாருங்கள். ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனரை மாட்டினால், இன்ஜினுக்குள் போகும் காற்றின் வெப்பம் போனிலேயே தெரியும். ஓடும்போதும் அது வெளி வெப்பத்தைவிட மிக அதிகமாகவே நின்றால், காற்று வரும் பாதையையும் இன்டர்கூலரையும் சரிசெய்த பிறகுதான் பவரைப் பற்றி யோசிக்க வேண்டும்.

வெள்ளி நீர்வீழ்ச்சியில் செல்ஃபி எடுக்க நிறுத்துகிறீர்களா? கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி, ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள். உடனே அணைத்தால் டர்போவில் தேங்கும் ஆயில் கருகிக் கரியாகும்.

இன்னொன்று: மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. இன்ஷூரன்ஸ் கிளெய்மிலும் சிக்கல் வரலாம்.

என்னைக் கேட்டால், 30 குதிரைத்திறன் கூட்டுவதைவிட, சூடு வெளியேற வழி செய்வதே முதல் மாடிஃபிகேஷன். குடும்பத்தோடு மலையேறும் காரில் இதற்கு அப்புறம்தான் மற்றதெல்லாம்.