பெட்டிக்குள் இருந்த பதினான்கு படங்கள்

சென்ற இதழில் கறிவேப்பிலைக் கன்றுக்கு வரும் நோயைப் பற்றி எழுதி முடிக்கும்போது, அடுத்த மாதம் என்னுடைய பழைய கமராக்களைப் பற்றி எழுதுகிறேன் என்று ஒரு வரி போட்டிருந்தேன். "ரீச்சர், உங்களுக்கு இது என்ன விளையாட்டு?" என்று இரண்டு மூன்று பேர் நேரிலேயே கேட்டுவிட்டார்கள். விளையாட்டுத்தான். என் அலுமாரியின் மேல் தட்டில் ஏழு கமராக்கள் இருக்கின்றன. எல்லாம் பிலிம் போடும் கமராக்கள். அவற்றில் ஐந்து வேலை செய்யும். மற்ற இரண்டும் வடிவுக்கு இருக்கின்றன. கைத்தொலைபேசியில் ஒரு நாளைக்கு நூறு படம் எடுக்கலாம் என்றிருக்கிற இந்தக் காலத்தில், பன்னிரண்டு படத்துக்கு ஒரு றோல் வாங்கி, அதைக் கழுவி, காயவிட்டு, பிறகுதான் என்ன வந்திருக்கிறது என்று பார்க்கிற வேலை இது. அறுபத்தொரு வயதில் எனக்கு இதுதான் பொழுதுபோக்கு.

இந்தப் பழக்கம் சித்தப்பாவிடமிருந்து வந்தது. எங்கள் ஊர்ச் சந்தியில் அவர் ஒரு சின்ன ஸ்ரூடியோ வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நான் நெகற்றிவ்வில் கூர்ப் பென்சிலால் முகத்துப் பருக்களை மறைத்துக் கொடுப்பேன். ஒரு படத்துக்கு இருபத்தைந்து சதம். கலியாணப் பேச்சுக்குப் போகும் படங்களுக்கு இரட்டிப்பு வேலை, காசு மட்டும் அதே இருபத்தைந்து சதம்.

1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மின்சாரம் இல்லை. பற்றரி தடைப்பொருள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம். பற்றரியில் ஓடும் கமரா வைத்திருந்தவர்கள் அதைப் பெட்டியில் பூட்டி வைத்தார்கள். சித்தப்பாவிடம் இருந்தது யஷிக்கா டி. ஜப்பானில் செய்த, இரண்டு கண்கள் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும் பெட்டிக் கமரா. அதற்குப் பற்றரியே வேண்டாம். உள்ளே வில்லும் பற்சக்கரமும்தான். ஆகவே அவரால் தொடர்ந்து படம் எடுக்க முடிந்தது. படத்தைப் பெருப்பிக்கும் கருவிக்கு மின்சாரம் வேண்டும், அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். அந்தக் கமராவின் நெகற்றிவ் ஆறு சென்ரிமீற்றர் சதுரம். அதை அப்படியே கடதாசியின் மேல் வைத்துக் கண்ணாடியால் அழுத்தி, மண்ணெண்ணெய் விளக்கைச் சில விநாடிகள் காட்டினால் அதே அளவில் படம் விழும். அடையாள அட்டைக்கும் பள்ளி அனுமதிக்கும் அந்த அளவு போதும். மண்ணெண்ணெயும் அரிது என்பதால், "கெதியாய் மூடு, கெதியாய் மூடு" என்று விளக்கைத் தணிக்கச் சொல்லி என்னைக் கத்திக்கொண்டே இருப்பார்.

1995 ஒக்ரோபர் 30 இரவு நாங்கள் தென்மராட்சிக்கு நடந்தபோது, சித்தப்பா கமராவை உரப்பையில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டார். நெகற்றிவ்களைத் தூக்க வழியில்லை. பிஸ்கற் ரின்களில் இருபது வருடச் சனங்களின் முகங்கள் இருந்தன. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது கூரையில் பாதி இல்லை, ரின்களுக்குள் மழைத் தண்ணீர். பிலிமின் மேல் பூசியிருப்பது ஜெலற்றின். அது ஈரத்தில் ஊதி, காயும்போது ஒன்றோடொன்று ஒட்டிவிடும். கட்டி கட்டியாய்த்தான் எடுத்தோம். பிறகு வந்த வருடங்களில் சனங்கள் தேடி வந்து, "அண்ணை, எங்கட பிள்ளையின்ர படம் உங்களிட்ட இருக்குமே?" என்று கேட்பார்கள். அவர் உள்ளே போய்த் தேடுவது போல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெளியே வந்து இல்லை என்பார். 2003 இல் அவர் காலமானபோது சித்தி அந்த யஷிக்காவை என்னிடம் தந்தா.

அதைப் பாவிப்பது கடினமல்ல. கமராவை நெஞ்சுக்குக் கீழே பிடித்து, மேலே இருக்கும் கண்ணாடிக்குள் குனிந்து பார்க்க வேண்டும். படம் இடம் வலம் மாறித் தெரியும். பழகும் வரை ஆளை நடுவில் கொண்டுவருவதே பெரும்பாடு. ஆனால் ஒரு நன்மை உண்டு: முகத்துக்கு முன்னால் ஒன்றையும் பிடிக்காததால் எதிரில் இருப்பவர் வெட்கப்படுவதில்லை, கதைத்துக்கொண்டே இருப்பார். வெளிச்சம் அளக்கும் கருவி இல்லையே என்று பயப்பட வேண்டாம். 100 என்று போட்ட பிலிம் என்றால், நல்ல வெயிலில் துவாரத்தை 16 இலும் ஷற்றரை 125 இலும் வைத்தால் சரி. மர நிழல் என்றால் துவாரத்தை 5.6 வரை திறக்க வேண்டும். சித்தப்பா இதைத் தன் நிழலைப் பார்த்தே சொல்வார். நிழலின் ஓரம் வெட்டினாற்போல் இருந்தால் 16, ஓரம் மங்கினால் 8.

இது ஆண்களின் வேலை என்று நினைப்பவர்களுக்கு இரண்டு பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருவர் ஜூலியா மார்கரட் கமரன். 48 வயதில் மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கமராவோடு 1863 இல் தொடங்கியவர். 1875 இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார், களுத்துறையில் இருந்தார், இங்குள்ள சாதாரணச் சனங்களையும் படம் எடுத்தார். 1879 இல் மலைநாட்டில் இறந்து பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். மற்றவர் விவியன் மேயர். அமெரிக்காவில் சிக்காகோ நகரில் பிறர் வீடுகளில் பிள்ளை பராமரிக்கும் வேலை செய்தவர். வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போய் வந்த சகோதரிகளுக்கு அந்த வாழ்க்கையை நான் விளக்கத் தேவையில்லை. தன் ஓய்வு நேரத்தில் றொலிபிளெக்ஸ் கமராவோடு தெருவில் நடந்து ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார், அநேகமாக யாருக்கும் காட்டவில்லை. பெட்டிகள் வைத்திருந்த களஞ்சிய அறைக்கு வாடகை கட்ட முடியாமல் போக, 2007 இல் அவை ஏலத்தில் விற்கப்பட்டன. அவை உலகத்தின் கவனத்தைப் பெற்றபோது அவர் உயிரோடு இல்லை. 2009 ஏப்ரலில் இறந்துவிட்டார். கழுவப்படாத றோல்களே பெருந்தொகை.

இதற்குக் காசு போடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. பிலிம் இப்போது விலை. ஒரு றோல் வாங்கும் காசில் ஒரு கிழமைக்கு மரக்கறி வாங்கலாம். மருந்துகளைத் தங்கச்சி கனடாவிலிருந்து வரும்போது கொண்டுவருவா. அதனால் இரண்டு மாதத்துக்கு ஒரு றோல், அவ்வளவுதான். நான் இன்று எழுத வந்தது வேறொன்றுக்காக.

போன வருடம் எங்கள் தையல் வகுப்புக்கு வரும் ஒரு பிள்ளை, சீலைத்துண்டில் சுற்றிய கமரா ஒன்றைக் கொண்டுவந்தா. பென்ரக்ஸ் கே 1000. 1976 இலிருந்து இருபது வருடத்துக்கு மேல் தயாரித்த உறுதியான சாமான். இதற்கும் ஷற்றர் அடிக்கப் பற்றரி தேவையில்லை, வெளிச்சம் அளக்கும் முள்ளுக்கு மட்டும்தான்.

"ரீச்சர், இதை ஒருத்தர் மூவாயிரத்துக்குக் கேக்கிறார். குடுக்கட்டே?"

"பொறும் பிள்ளை. பின் மூடியைத் திறந்தனீரே?"

"இல்லை. மச்சாள் திறக்க வேண்டாம் எண்டவ."

மச்சாளுக்குக் கோவில் கட்டலாம். மேலே எண் காட்டும் சிறு கண்ணாடியில் 14 என்று இருந்தது. மூடியைத் திறந்தால் அந்த எண் தானாகப் பின்னால் போய்விடும். 14 இலேயே நிற்கிறதென்றால் பிறகு யாரும் திறக்கவில்லை. இடப்பக்கத்துக் கைப்பிடியை மெல்லத் திருப்பினேன். சும்மா சுற்றவில்லை, இழுத்தது. உள்ளே பிலிம்.

அவவின் கணவர் வன்னியில் கலியாணவீடு, சாமத்தியவீடு எல்லாம் படம் எடுத்தவர். 2006 நடுப்பகுதியில் வவுனியாவுக்கு வந்து, முடியாத றோலோடு கமராவை அக்கா வீட்டில் வைத்துவிட்டு, அடுத்த முறை ஒரு கலியாணத்துக்கு வருவேன் என்று திரும்பிப் போயிருக்கிறார். ஓகஸ்டில் ஏ-9 பாதை பூட்டப்பட்டது. அதற்குப் பிறகு அவருக்கு வெளியே வர முடியவில்லை. 2009 மே மாதத்தில் இருந்து அவரைப் பற்றித் தகவல் இல்லை. அவரது அக்கா அந்தக் கமராவை எடுத்துக் காட்டவே மனமில்லாமல் றங்குப் பெட்டிக்குள் வைத்திருந்து, வீடு மாறும்போதுதான் கொடுத்திருக்கிறா. கொடுக்கும்போது ஒரு சொல்லும் சொன்னா: "போற அண்டைக்கு நானும் அவனை ஒரு படம் எடுத்தனான்."

பிள்ளையிடம் இருக்கும் கணவரின் படம் ஒன்றே ஒன்று. அடையாள அட்டைப் படம். மனுக்களுக்கும் ஆணைக்குழுக்களுக்கும் பிரதிக்கு மேல் பிரதி எடுத்து இப்போது மூக்கும் கண்ணும் கறுப்புப் புள்ளிகளாக இருக்கிறது.

பிலிமை வெளியே எடுத்துப் பார்த்தேன், கலர் பிலிம். இரண்டு வழி இருந்தது. கலருக்குரிய மருந்தில் கழுவலாம். அதற்கு வெளியே கொடுக்க வேண்டும், தவிர இத்தனை வருடம் வெக்கையில் கிடந்த பிலிமில் கலர் சரியாக வராது, ஒன்றும் வராமலும் போகலாம். கறுப்பு வெள்ளை மருந்தில் கழுவினால் உருவம் வர வாய்ப்புக் கூட, ஆனால் கலர் என்றைக்குமே இல்லை. எதைச் செய்தாலும் ஒரு தரம்தான். இரண்டையும் சொல்லி, "நீர்தான் சொல்ல வேணும்" என்றேன். ஒரு கிழமை கழித்து வந்தா. "முகம் வந்தாக் காணும் ரீச்சர்."

பிலிம் கழுவ இருட்டறை தேவையில்லை. வெளிச்சம் புகாத கறுப்புத் துணிப்பைக்குள் கைகளை விட்டு, போத்தல் திறப்பானால் றோலின் மூடியைக் கழற்றி, பிலிமைச் சுருளில் ஏற்றி, அதை வெளிச்சம் போகாத ராங்கிக்குள் வைத்து மூடிவிட்டால் பிறகு எல்லாம் பகல் வெளிச்சத்தில் செய்யலாம். மருந்து 20 பாகை வெப்பத்தில் இருக்க வேண்டும். எங்கள் குழாய்த் தண்ணீர் முப்பதுக்குக் கிட்ட. கடையில் ஐஸ் வாங்கி வாளியில் போட்டு, அதற்குள் மருந்துப் போத்தலை வைத்தோம். ராங்கியை நிமிடத்துக்கு ஒரு தரம் புரட்டும் வேலையை அவவிடம் கொடுத்தேன். என் கை நடுங்கியது என்பதும் ஒரு காரணம்.

கழுவி எடுத்துத் தூக்கிப் பிடித்தபோது பிலிம் முழுக்கச் செம்மஞ்சளும் சாம்பலுமாய்ப் புகார் மூடினாற்போல் இருந்தது. ஆனால் பதினான்கு படங்களும் இருந்தன. வெள்ளை வெளிச்சத்தின் மேல் வைத்துக் கைத்தொலைபேசியால் படம் பிடித்து, நிறத்தைத் தலைகீழாக மாற்றிப் பார்த்தோம்.

பதின்மூன்று படம் யாரோ ஒருவரின் சாமத்தியவீடு. சோடித்த பெண்பிள்ளை, பக்கத்தில் பல்லில்லாமல் சிரிக்கும் ஒரு பாட்டி, கிணற்றுக்கட்டில் ஏறி நிற்கும் பொடியன்கள், ஆலாத்தித் தட்டுகளோடு பெண்கள். பதினான்காவதுதான் மச்சாள் எடுத்தது. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அவர் நிற்கிறார். மச்சாள் தூரத்தைச் சரிபார்க்கவில்லை. கமரா கிட்டத்துக்குக் கூர்மைப்படுத்தியபடி இருந்திருக்கிறது. சைக்கிள் மணியும் கைப்பிடியும் நெஞ்சுப் பக்கமும் தெளிவு, அதற்குப் பின்னால் சற்றுத் தள்ளி இருந்த முகம் மங்கல்.

நான் என்ன சொல்வதென்று தெரியாமல் இருந்தேன். அவ கன நேரம் பார்த்துவிட்டு, "இந்தச் சேட்டு நான் தைச்சது. பொக்கற் கோணல். அதையே போட்டுக்கொண்டு போயிருக்கிறார்" என்றா. அழுதா. பிறகு மற்றப் படங்களை ஒவ்வொன்றாய்த் திருப்பிப் பார்த்து, "இந்தச் சனங்களிட்டையும் ஒரு படமும் இருக்காதெல்லோ ரீச்சர்?" என்று கேட்டா.

கமராவை விற்கவில்லை. கேட்டவருக்கு அதன் பெறுமதி நன்றாகவே தெரிந்திருக்கிறது. கொழும்பில் அது மூவாயிரத்தின் பல மடங்குக்குப் போகும். விற்பதானாலும் இரண்டு மூன்று இடத்தில் விசாரித்துவிட்டு விற்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் பழைய கமரா இருந்தால், தயவுசெய்து பின் மூடியைத் திறக்காதீர்கள். இடப்பக்கக் கைப்பிடியை மெல்லத் திருப்பிப் பாருங்கள், இறுக்கமாக இருந்தால் உள்ளே பிலிம் இருக்கிறது. பெட்டிக் கமரா என்றால் பின்பக்கச் சிவப்புக் கண்ணாடியில் எண் தெரிகிறதா என்று பாருங்கள். தோல் உறைக்குள் வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து லென்ஸில் பூஞ்சணம் கட்ட வைக்கும். கண்ணாடியை அரித்த பூஞ்சணத்தைத் துடைத்து எடுக்க முடியாது. பழைய நெகற்றிவ்களைக் குப்பையில் போடவே வேண்டாம். படம் கிழிந்துபோனாலும் அதிலிருந்து திரும்ப எடுக்கலாம்.

அந்தப் பதின்மூன்று படங்களையும் பிள்ளை தன் கைத்தொலைபேசியில் வைத்துக்கொண்டு போகும் இடமெல்லாம் காட்டுகிறா. சந்தையில், கிளினிக்கில், பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கும். போன மாதம் ஒரு வயோதிப அம்மா கிணற்றுக்கட்டைப் பார்த்து, இது விசுவமடுப் பக்கம், அந்த வீட்டுக்காரரைத் தெரியும், இப்போது எங்கே இருக்கிறார்களோ என்று சொல்லியிருக்கிறா. வருகிற சனிக்கிழமை நாங்கள் இருவரும் அங்கே போகிறோம். பென்ரக்ஸில் புதுப் பிலிம் போட்டிருக்கிறது. பிள்ளை இரண்டு நாளாக நிழலைப் பார்த்து எண் சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறா.