பாஞ்சாலி வேஷம் பெண்ணுக்கு இல்லையா?



எங்க தெருவில் ஒரு பெரியப்பா பகலில் தறிக்குழியில் இறங்கி பட்டு நெய்வார். திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழா வந்தால் ராத்திரி பாஞ்சாலி வேஷம் கட்டுவார். விடிய விடிய கூத்து, காலையில் மறுபடி தறி. அவர் உழைப்பைப் பாராட்டணும்.

ஆனால் வீட்டில் தார் சுற்றுவதும், அறுந்த இழையை முடிவதும் அம்மாவும் அக்காவும்தானே? நெசவில் பாதி வேலை பெண்ணுக்கு. கூத்தில் மட்டும் பெண் வேஷத்தையும் ஆணே கட்டணுமா?

நம்ம மாவட்டத்துப் புரிசை கண்ணப்ப தம்பிரான் கூத்தை வெளிநாடு வரை கொண்டு போனார். இப்போ தமிழ்நாட்டில் பெண்களும் தெருக்கூத்து ஆடுறாங்க.

நம்ம ஆண்டு விழாக் கூத்தில் பாஞ்சாலியாக ஒரு மாணவி நிற்கட்டும். ஆசிரியர்களே, யோசிப்பீங்களா?

– 9-ஆம் வகுப்பு மாணவி