உடல் நலப் பக்கம்: ஒன்பது வாரப் பாடம்

சென்ற இதழில் நடைப் பயிற்சியைப் பற்றி இப்பகுதியில் எழுதியதைப் படித்த அன்பர் இருவர், ஒரே பொருளைக் கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஐம்பதைக் கடந்தபின் ஓடக் கற்றுக்கொள்ள இயலுமா என்பது ஒரு கேள்வி. டில்லி போன்ற ஊரில் அது நடக்கிற காரியமா என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு இயலும் என்பதே விடை. இரண்டாவதற்கு அத்துணைச் சுருக்கமாக விடை கூறுவதற்கில்லை. ஒன்பது வாரங்களில் முடிப்பதற்கென்று வகுக்கப்பட்ட பாடம் ஒன்றை நான் பதினான்கு மாதங்களில் முடித்தேன். அந்த வரலாற்றைச் சொன்னால் விடை தானே விளங்கும்.

ஓட வேண்டும் என்ற ஆசை எனக்கு ஒருபோதும் இருந்ததில்லை. 2024 பிப்ரவரியில், என் 53-ஆம் வயதில், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனையில் 6.2 விழுக்காடு என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை நீரிழிவின் வாயிற்படி, 6.5-ஐ எட்டிவிட்டால் உள்ளே நுழைந்தாயிற்று என்று பொருள். என் தாயார் அந்த வாயிற்படியை எந்த ஆண்டில் தாண்டினார் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கண் மங்கிய பிறகே தெரிந்தது. தம் கடைசி நான்கு ஆண்டுகளை ராமகிருஷ்ணபுரத்துக் குடியிருப்பில், சன்னல் எந்தப் பக்கம் என்பதை வெயில் படும் கன்னத்தால் அறிந்தவராய்க் கழித்தார். ஆகவே மருத்துவர், “நடப்பதோடு நில்லாமல், சற்று மூச்சு வாங்கும்படியாக ஏதேனும் செய்யுங்கள்” என்றபோது நான் எதிர்வாதம் செய்யவில்லை. மூச்சு வாங்குவது எனக்குப் புதிதும் அன்று. மலை மந்திரின் படிகளில் பாதியிலேயே நின்று, கோபுரத்தைத் தரிசிப்பவள் போல அண்ணாந்து பார்த்து இளைப்பாறும் வழக்கம் சில ஆண்டுகளாகவே இருந்தது.

நான் எடுத்துக்கொண்ட பாடத்தை 1996-இல் வகுத்தவர் ஜாஷ் கிளார்க் என்பவர். ஐம்பதைத் தாண்டிய தம் தாயாரை ஓடப் பழக்குவதற்காகவே அதை அவர் அமைத்தார் என்று அறிந்தபோது அதன்மீது எனக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது. ‘கௌச் டு ஃபைவ் கே’ என்று அதற்குப் பெயர். முதல் வாரத்தில் ஐந்து நிமிடம் விரைந்து நடந்துவிட்டு, 60 விநாடி மெல்லோட்டம், 90 விநாடி நடை என்று மாறி மாறி இருபது நிமிடம் செய்ய வேண்டும். வாரத்துக்கு மூன்று நாள் போதும். ஓட்டம் சிறிது சிறிதாகக் கூடி, நடை குறைந்து, ஒன்பதாம் வாரத்தில் முப்பது நிமிடம் நில்லாமல் ஓடுவதோடு பாடம் முடிகிறது.

அறுபது விநாடிதானே என்று எண்ணத் தோன்றும். முதல் நாள் நான்காம் சுற்றில், கைக்கடிகாரம் நின்றுவிட்டதோ என்று காதில் வைத்துப் பார்த்தேன். இரண்டாம் நாள் குடியிருப்பின் காவலர் கையில் தடியோடு என் பின்னால் ஓடிவந்து, சங்கிலியைப் பறித்தவன் எந்தப் பக்கம் போனான் என்று இந்தியில் பதறிப்போய்க் கேட்டார். கீழ்வீட்டு மாமியோ, “என்னம்மா, பஸ் போயிடுத்தா?” என்று விசாரித்தார். ஐம்பது வயதுப் பெண்மணி ஒருத்தி ஓடுகிறாள் என்றால் ஏதோ ஆபத்து நேர்ந்திருக்க வேண்டும் என்பது நம் நாட்டில் எல்லா மொழியினருக்கும் பொதுவான எண்ணம் போலும். ஒரு மாதத்தில் இருவரும் பழகிவிட்டார்கள். காவலர் இப்போது சுற்றுகளை எண்ணிச் சொல்லுகிறார். அவருடைய கணக்கு எப்போதும் என் கணக்கைவிட ஒன்று குறைவாகவே இருக்கும்.

வேகத்தை அளக்க எனக்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. ஓடிக்கொண்டே ஒரு குறளை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். ஏழு சீரும் தடையின்றி வந்தால் வேகம் சரி. முதலடியோடு மூச்சு முட்டினால் வேகம் மிகுதி. பேச முடிகிற அளவுக்கு ஓடு என்பதே பயிற்சியாளர் பலரும் கூறும் விதி. அதைத்தான் நம் வீட்டுச் சரக்கைக் கொண்டு அளந்தேன். இவ்வாறு ஐந்தாம் வாரத்தின் மூன்றாம் நாள், பாடத்தில் உள்ளபடியே, இருபது நிமிடம் நில்லாமல் ஓடினேன். அன்று காலைக் காப்பிக்கு இருந்த சுவையை எழுத்தில் கொண்டுவர இயலாது.

சித்திரை பிறந்த வாரத்தில் வலி வந்தது. முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையே, முன்னெலும்பின் உட்புறத்தில், விரலால் தொட்டாலே கூசும் வலி. எலும்பு மருத்துவர் அழுத்திப் பார்த்துவிட்டு, எலும்பில் கீறல் விழவில்லை என்றும், புதிதாக ஓடுவோர் பலருக்கு இது வருவதுண்டு என்றும் கூறி, மூன்று வார ஓய்வு விதித்தார். மூச்சு எவ்விதக் குறையும் இன்றி ஒத்துழைக்கும்போது கால் ஏன் மறுக்கிறது என்று அவரைக் கேட்டேன். அவர் சொன்னதை இங்கே சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஓடத் தொடங்குவோர் எல்லோருக்கும் இது பயன்படும்.

ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடலின் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலைத் தாக்குகிறது. நிமிடத்துக்கு 160 அடி வைப்பவர் முப்பது நிமிடத்தில் 4,800 அடி வைக்கிறார். இவ்வேலைக்கு இரத்தமும் இதயமும் விரைவில் இணங்கிவிடுகின்றன. சில நாட்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது. சில வாரங்களில் இதயம் ஒரு துடிப்புக்கு வெளியேற்றும் இரத்தத்தின் அளவு கூடுகிறது. எலும்பின் இயல்பு வேறு. புதிய பாரம் ஏறியதும் அது முதலில் தன் பழைய பகுதியைச் சிறிது சிறிதாக அரித்து அகற்றிவிட்டு, அதன் பின்னரே புதிதாகக் கட்டுகிறது. ஒரு சுற்று முடிய மூன்று நான்கு மாதங்கள் ஆகும். சுவரை இடித்துவிட்டுக் கொத்தனார் செங்கல்லுக்குக் காத்திருக்கும் வீட்டைப் போல, இடையில் சில வாரங்கள் எலும்பு முன்னைவிடச் சற்று நலிந்தே இருக்கும். மூச்சோ, ‘இன்னும் ஓடலாம், வா’ என்று அழைக்கிறது. மூச்சின் பேச்சைக் கேட்பதா, எலும்பின் பேச்சைக் கேட்பதா என்றால், ஐம்பதுக்கு மேல் எலும்பின் பேச்சையே கேட்க வேண்டும்.

ஓய்வு முடிந்தபோது கோடை வந்துவிட்டது. அவ்வாண்டு மே 29 அன்று முங்கேஷ்பூர் நிலையத்துக் கருவி 52.9 பாகை காட்டியதும், பின்னர் அக்கருவி மூன்று பாகை கூட்டிக் காட்டியது என்று வானிலைத் துறையினர் விளக்கியதும் நினைவிருக்கும். மூன்று பாகை குறைந்தாலும் அது ஓடுவதற்கு உரிய வெயில் அன்று. ஜூன் 28 அன்று சப்தர்ஜங்கில் ஒரே நாளில் 228 மில்லிமீட்டர் மழை கொட்டிற்று. எங்கள் பூங்கா குளமாயிற்று. ஆவணி வரை புழுக்கத்தில் வியர்வை உலராமல் உடம்பிலேயே தங்கியது. வாரத்துக்கு ஒருநாள் ஓடினால் அதிகம். அக்டோபரில்தான் மீண்டும் முறையாகத் தொடங்கி, ஏழாம் வாரத்துப் பாடமாகிய இருபத்தைந்து நிமிடத்தை எட்டினேன். இன்னும் இரண்டே வாரம்.

அதற்குள் நவம்பர் வந்தது. 18-ஆம் தேதி நகரின் காற்று மாசுக் குறியீடு 490-ஐத் தாண்டியது. அந்த அளவுகோலின் உச்சியே 500-தான். இதை டில்லிவாசிகள் நன்கறிவர். ஆயினும் ஓடுபவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அமர்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு ஆறு முதல் எட்டு லிட்டர் காற்றை உட்கொள்கிற நாம், மெல்லோட்டத்திலேயே நாற்பது லிட்டருக்கு மேல் உட்கொள்கிறோம். அத்தனை மடங்கு நுண்தூசியும் கூடவே போகிறது. நலத்துக்காகச் செய்கிற காரியம் அந்நாட்களில் நலக்கேடாகவே முடியும். காலணி சனவரி முடியும் வரை அசையவில்லை.

2025 பிப்ரவரியில் மீண்டும் இரத்தப் பரிசோதனை. 6.1. ஓராண்டு உழைப்புக்குப் பத்தில் ஒரு பங்குப் புள்ளி. அன்று மாலை காலணியை அட்டைப் பெட்டியில் வைத்துப் பரணில் ஏற்றிவிட்டேன். இரண்டு நாள் கழித்துக் காலையில் எழுந்து பார்த்தபோது அது கதவருகில் இருந்தது. என் கணவர் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்கவே இல்லை.

முதல் வாரத்திலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும் என்று எண்ணிச் சென்றேன். ஆனால் மூன்றாம் வாரத்துப் பாடம் எளிதாக வந்தது. மூச்சு இழந்ததைப் பதினைந்தே நாளில் திரும்பப் பெற்றுவிட்டது. முன்பு வலித்த எலும்பு இம்முறை ஒரு சொல் பேசவில்லை. ஓய்வு மாதங்களிலும் கொத்தனார் தம் வேலையை முடித்திருக்கிறார் என்று தெரிந்துகொண்டேன். ஏப்ரல் கடைசியில் முப்பது நிமிடம் ஓடினேன். பாடத்தின் பெயரில் உள்ள ஐந்து கிலோமீட்டர் அன்று. என் காலடிக்கு அது 3.6 கிலோமீட்டர். மே மாதப் பரிசோதனையில் 5.8 என்று வந்தது. வாயிற்படியிலேயேதான் நிற்கிறேன், ஆனால் முகம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது.

இனி, இவ்வூருக்கென்று நான் வைத்துக்கொண்டுள்ள நடைமுறை. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரையும், செப்டம்பர் கடைசியிலிருந்து தீபாவளி வரையும் பாடத்தைக் கூட்டுவேன். மற்ற மாதங்களில் கூட்டுவதில்லை. இருப்பதைக் காப்பதே வேலை. குறியீடு 200-ஐத் தாண்டிய நாளில் ஓட்டம் இல்லை. அதிகாலையே உடற்பயிற்சிக்கு உகந்தது என்று ஊரில் கற்றதை இங்கே பனிக்காலத்தில் மறந்துவிடுவது நல்லது. இரவில் தரையையொட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கீழே தங்க, அதன்மேல் வெதுவெதுப்பான காற்று மூடியைப் போல் அமர்ந்துவிடுகிறது. புகை முழுவதும் அம்மூடிக்குள் அகப்பட்டிருக்கும். வெயில் ஏறிய பிறகே அது விலகும். ஆகவே அம்மாதங்களில் பிற்பகல் இரண்டு, மூன்று மணியே ஓரளவு தக்க நேரம். அலுவலகம் செல்வோருக்கு இது சனி, ஞாயிறுகளில்தான் கைகூடும், அது போதும்.

நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், பாதத்தில் மரமரப்பு இவற்றுள் எது இருப்பினும் முதலில் மருத்துவரைக் கண்டு, பிறகு காலணி வாங்குக. எத்தகைய காலணி, எவ்வளவு விலை என்று கேட்டிருப்பவர்களுக்கு அடுத்த இதழில் எழுதுகிறேன். கீழ்வீட்டு மாமி சென்ற வாரம் ஒரு ஜோடி வாங்கியிருக்கிறார். அவருக்கு வயது 64. திங்களன்று முதல் அறுபது விநாடி.