தாகத்தால் மடியும் செய்மதிகள்

1990களில் பொருளாதாரத் தடை நிலவிய யாழ்ப்பாணத்தில் பழுதற்ற ஊர்திகள் பெற்றோலின்றி முடங்கின. அவற்றைக் கடலில் தள்ளுமாறு எவரும் கூறினாரல்லர்; துளி பெற்றோலால் முடுக்கி மண்ணெண்ணெயில் ஓட்டினர். செய்மதி அமைப்போரோ தள்ளிவிடுதலையே வழமையாக்கியுள்ளனர். கருவிகள் யாவும் நலமாயிருப்பினும், நிலைதிருத்தும் எரிபொருள் தீர்ந்ததும் செய்மதி கைவிடப்படுகின்றது.

விண்ணில் எரிபொருளூட்டல் அரிது என்பது அவர்தம் வாதம். எடையற்ற நிலையில் திரவம் தாங்கியின் அடியில் தங்காது. வாயுவுடன் கலந்து மிதக்கும் என்பர். அரிதே, ஆயின் இயலாததன்று. வாயுவையும் திரவத்தையும் நெகிழ்தடுப்பினாற் பிரித்து, 1978இலேயே சோவியத்தின் புரோகிறஸ் 1 கலம் சல்யூட் 6 நிலையத்துக்கு எரிபொருள் ஊட்டியது. அன்று இயன்றது இன்று இயலாதோ?

2025 சனவரி 16இல் இந்தியாவின் இரு செய்மதிகள் விண்ணில் இணைந்தமை போற்றத்தக்கது. எனினும் அவற்றின் பின்னைய இணைப்பின்வழிக் கைமாறியது மின்சாரமே, எரிபொருளன்று. அதனோடு அமைதல், கிணற்றங்கரையை அடைந்தவன் நீர் மொண்டதாகக் கருதுதலை ஒக்கும்.

வாய் இல்லாக் குடத்தை எவர் நிரப்புவார்? நாடுகள் அனைத்தும் ஏற்கும் பொதுவான நிரப்புவாய் இன்றி, நெடும்பணிக்குரிய எச்செய்மதியும் இனி ஏவப்படலாகாது. குறைவது அறிவன்று, உடன்பாடே.