அட்வான்ஸ் கொடுக்க முன் உறுதியைப் பாருங்கள்

எமது வியாபாரிகள் பத்து மூட்டைச் சாமான் எடுப்பதென்றாலும் மாதிரி பார்ப்பார்கள், நிறை பார்ப்பார்கள், நாலு கடையில் விசாரிப்பார்கள். ஆனால் வாழ்நாள் உழைப்பைப் போட்டு வீடு வாங்கும்போது மாத்திரம் "தெரிந்த ஆள்தானே" என்று முதலில் அட்வான்ஸைக் கொடுத்துவிட்டு, அதன் பிறகே சட்டத்தரணியைத் தேடுகின்றோம். இந்த ஒழுங்கு தலைகீழானது.

இலங்கையில் காணி, வீடு கைமாறுவதற்கு நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன் உறுதி எழுதப்பட வேண்டும். இது 1840 ஆம் ஆண்டு முதல் உள்ள சட்டம். விற்பதாகச் செய்யும் உடன்படிக்கைக்கும் இதுவே விதி. வெறும் பற்றுச்சீட்டைக் காட்டி வீட்டை எழுதித் தரும்படி வழக்காட முடியாது. கொடுத்த பணத்தைத் திருப்பி எடுக்க அலைவதுதான் மிஞ்சும்.

எமது சமூகத்தில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது வாரிசுரிமை. மரண சாசனம் எழுதாமல் மௌத்தான ஒரு முஸ்லிமின் சொத்து, 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, அவர் சார்ந்த மத்ஹபின் முறையிலேயே பங்கிடப்படும். ஒருவர் மனைவியையும் ஒரு மகனையும் இரண்டு பெண்மக்களையும் மாத்திரம் விட்டுச் சென்றார் என்று வைத்துக்கொள்வோம். சொத்தை 32 பங்காக்கினால் உம்மாவுக்கு 4, மகனுக்கு 14, பெண்மக்களுக்குத் தலா 7. மகன் மட்டும் கையொப்பமிட்டு வீட்டை விற்றால் நீங்கள் முழு விலை கொடுத்து வாங்கியது பாதி வீடுகூட இல்லை. நாளை சகோதரிகள் பிரிவினை வழக்குப் போட்டால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. வாரிசுகளில் ஒருவர் சிறு பிள்ளையாக இருந்தால் அவரது பங்கை விற்க நீதிமன்ற அனுமதி தேவை.

ஆகவே உறுதியின் போட்டோப் பிரதியை வாங்கி, விற்பவரின் நொத்தாரிசிடமன்றி உங்களுடைய சட்டத்தரணியிடம் கொடுங்கள். காணிப் பதிவகத்தில் ஆகக் குறைந்தது 30 வருடப் பதிவுகளைத் தேடச் சொல்லுங்கள். வங்கி ஈடு, நடக்கும் வழக்கு, பெற்றோரின் சீவிய உரித்து போன்றவை அங்கேதான் வெளிவரும். வரி கட்டிய துண்டும் மின்சார பில்லும் உரிமைக்கு அத்தாட்சியல்ல. அரச அனுமதிப்பத்திரக் காணியானால் பிரதேச செயலாளரின் அனுமதியின்றி வாங்குவது வீண். பள்ளிவாசலுக்கு வக்பு செய்யப்பட்ட காணியா என்பதையும் விசாரியுங்கள்.

அடுத்து, காணிக்கு நேரில் செல்லுங்கள். உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு பிளானிலுள்ள பேர்ச்சஸ் தரையிலும் இருக்கின்றதா என்று பாருங்கள். வீட்டில் குடியிருப்பவர் யார், பாதை யாருடையது என்று அயலவரிடம் கேளுங்கள். வீதி அகலிப்பில் சுவர் போகுமா என்பதை உள்ளூராட்சி மன்றத்தில் தெரு எல்லைச் சான்றிதழ் எடுத்தால் அறியலாம்.

முத்திரைத் தீர்வையைக் குறைப்பதற்காக உறுதியில் விலையைக் குறைத்து எழுதும் வழக்கமும் உண்டு. இது அரசை ஏமாற்றுவது மட்டுமல்ல. பிறகு பிரச்சினை வந்து நட்டஈடு கேட்டால் உறுதியிலுள்ள தொகையே உங்களுக்கெதிராகச் சாட்சி சொல்லும். உறுதி எழுதியவுடன் தாமதிக்காமல் பதியவும் வேண்டும். அதே காணிக்கு வேறொருவர் பிந்தி எழுதிய உறுதியை முந்திப் பதிந்துகொண்டால், மோசடி நிரூபிக்கப்படாதவிடத்து முன்னுரிமை அவருக்கே போய்விடலாம்.

"நம்பிக்கையில்லாமல் கடதாசி கேட்கிறாரே" என்று விற்பவர் கோபிக்கலாம். அல்குர்ஆனின் மிக நீளமான வசனமே கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது. கடதாசி கேட்பது சந்தேகமல்ல, மார்க்கம் காட்டிய வழி. ஒவ்வொரு பள்ளிவாசல் நிருவாகமும் மாதத்தில் ஒரு நாள் ஊரிலுள்ள சட்டத்தரணி ஒருவரை அழைத்து இதற்கு ஆலோசனை வழங்க ஏற்பாடு செய்தால் எத்தனையோ குடும்பங்கள் தப்பும்.

மலிவாகக் கிடைக்கின்றதே என்று அவசரப்படாதீர்கள். அந்த மலிவு ஒரு சகோதரியின் பங்கிலிருந்து வந்ததாயின், நீதிமன்றத்தில் வென்றாலும் அந்த வீட்டில் பரக்கத் இருக்காது.