இணையத்தில் மட்டும் வெளியாகும் படங்களுக்கும் காப்பகப் பிரதி வேண்டும்

ஓடிடி தளங்களில் நேரடியாக வெளியாகும் ஒவ்வொரு திரைப்படத்தின், தொடரின் பிரதியும் பொதுக் காப்பகத்தில் கட்டாயம் ஒப்படைக்கப்பட வேண்டும். இதற்கு ஒன்றிய அரசு சட்டம் இயற்ற வேண்டும். எங்கள் திரைப்படச் சங்கத்தின் பொதுக்குழு நீண்ட விவாதத்துக்குப் பின் எடுத்த முடிவு இது.

இணைய வெளியீட்டை நாங்கள் எதிர்க்கவில்லை. 2020 மே 29 அன்று ‘பொன்மகள் வந்தாள்’ திரையரங்கைத் தொடாமல் அமேசான் பிரைமில் வெளியானது. அப்படி வெளியாகப்போகிறது என்று தெரிந்தபோதே, அதைத் தயாரித்த நிறுவனத்தின் படங்களை இனித் திரையிட மாட்டோம் என்று திரையரங்கு உரிமையாளர்கள் அறிவித்தார்கள். கொரோனாவால் மூடிக்கிடந்த அரங்கத்தின் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் அச்சம் நியாயமானதே. ஆனால் அந்தத் தண்டனையை அன்றும் நாங்கள் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. அதே வழியில்தான் ‘சூரரைப் போற்று’, ‘சார்பட்டா பரம்பரை’, ‘ஜெய் பீம்’ எல்லாம் வீடு தேடி வந்தன. ‘மண்டேலா’ 2021 ஏப்ரலில் தொலைக்காட்சியில் முதலில் வெளியாகி, பிறகு நெட்ஃபிளிக்ஸுக்குப் போய், தேசிய விருதும் வாங்கியது. பெரிய நட்சத்திரப் படங்களை இணையத்துக்குத் தர எட்டு வாரம் பொறுங்கள் என்று திரையரங்குக்காரர்கள் கேட்பதை ஆதரிக்கிறோம். ‘மாஸ்டர்’ போல 16 நாளில் படம் கைப்பேசிக்கு வந்துவிட்டால் சிறு ஊர்த் திரையரங்கு பிழைக்காது. காலைக் காட்சியோடு தூக்கப்படும் சிறிய படத்துக்கு இந்தக் கட்டுப்பாடு வேண்டாம். அது எங்கே பார்வையாளரைக் கண்டடைகிறதோ அங்கே போகட்டும்.

எங்கள் கவலை வேறு. இணையத்தில் மட்டும் வெளியான ஒரு தமிழ்ப் படத்தைக் கல்லூரி மாணவர்களுக்குத் திரையிட்டு, இயக்குநரோடு உரையாட ஏற்பாடு செய்தோம். இயக்குநர் ஆசையோடு ஒப்புக்கொண்டார். உரிமை முழுவதும் தளத்திடம் போய்விட்டது என்றார் தயாரிப்பாளர். தளத்துக்கு எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. எங்களில் பலரிடம் சந்தா இருக்கிறது, ஆனால் அது தனிப்பட்ட பார்வைக்கு மட்டும் என்பது நிபந்தனை. அந்தப் படத்துக்கு டிவிடியும் கிடையாது. தன் படத்தைத் தன் ஊர்ப் பிள்ளைகளுக்குக் காட்ட முடியாமல் அந்த இயக்குநர் உட்கார்ந்திருந்ததை எங்களால் மறக்க முடியவில்லை.

முன்பு ஒரு படம் வெளியானால் அதன் படப்பெட்டிகள் பல ஊர்களுக்குப் போகும். முதலில் பெருநகரம், பிறகு ‘சி சென்டர்’ எனப்படும் சிற்றூர், கடைசியில் டூரிங் டாக்கீஸ். ஓடித் தேய்ந்த பிறகும் எங்கோ ஒரு விநியோகஸ்தரின் கிடங்கில் ஒரு பெட்டி மிஞ்சும். பிறகு வீடியோ கேசட், விசிடி, டிவிடி வந்தன. தொலைக்காட்சிகள் வாங்கிவைத்து ஞாயிறு மதியம் திரும்பத் திரும்பப் போட்டன. எதுவும் காப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல, வியாபாரம்தான். ஆனால் பிரதிகள் பல கைகளில் இருந்ததால் ஒன்று அழிந்தாலும் மற்றொன்று கிடைத்தது. இணையத்தில் மட்டும் வெளியாகும் படத்துக்கு அந்தப் பல கைகள் இல்லை. உரிமைக் காலம் முடிந்தால் தளத்திலிருந்து போய்விடும். தளமே சொந்தமாக எடுத்த படமென்றால், அதை வைத்திருப்பதும் எடுத்துவிடுவதும் அவர்கள் விருப்பம்.

‘அன்னபூரணி’ 2023 டிசம்பரில் தணிக்கைச் சான்றிதழோடு திரையரங்குகளில் ஓடியது. புகார்களுக்குப் பிறகு 2024 ஜனவரியில் அதை நெட்ஃபிளிக்ஸிலிருந்து நீக்கினார்கள். அரங்குகளுக்குப் போன படம் என்பதால் பிரதிகள் வெளியே இருந்தன. இணையத்தில் மட்டும் வந்த படத்துக்கு அப்படி நேர்ந்தால், பார்க்க விரும்புகிறவர் யாரிடம் போய்க் கேட்பது?

நீக்குவது கண்ணுக்குத் தெரிகிறது, மாற்றுவது தெரிவதில்லை. ‘ஜெய் பீம்’ வெளியான சில நாட்களில், ஒரு காட்சியில் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டிப் படம் எதிர்ப்பு எழுந்ததால் மாற்றப்பட்டது. மாற்றியது சரியா தவறா என்ற விவாதத்துக்குள் இந்த அறிக்கை போகவில்லை. பலரும் பேசியதால் அந்த மாற்றம் நமக்குத் தெரிந்தது. யாரும் பேசாத மாற்றங்கள்? முதல் நாள் பார்த்தவரும் அடுத்த மாதம் பார்த்தவரும் ஒரே படத்தைத்தான் பார்த்தார்களா என்பதற்குச் சான்று வேண்டும்.

தமிழ்நாடு இந்த இழப்பை ஏற்கெனவே அனுபவித்திருக்கிறது. 1910களின் இறுதியில் நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ இன்று இல்லை. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’ இல்லை. டி.பி. ராஜலட்சுமி அதில் எப்படிப் பேசினார், எப்படிப் பாடினார் என்பதை இனி யாரும் அறிய முடியாது. அந்தக் காலத்தில் காப்பகம் கிடையாது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் புனேயில் தேசியத் திரைப்படக் காப்பகம் 1964இலேயே வந்துவிட்டது. நமக்கு அந்தச் சமாதானம் கிடையாது.

நூல்களுக்கு 1954ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்தோம். இருபது பக்கக் கவிதைத் தொகுப்பானாலும், பதிப்பாளர் 30 நாட்களுக்குள் தன் செலவில் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கும் பிரதி அனுப்ப வேண்டும். நூறு பேர் படிக்கும் நூலுக்கு நாடு கொடுத்த மதிப்பு, ஊரே பார்க்கும் படத்துக்கு ஏன் இல்லை? பிரான்சில் வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளையும் காப்பகத்தில் சேர்க்க 1992 முதல் சட்டம் இருக்கிறது.

தளங்களின் சர்வரில் படம் பத்திரமாகத்தானே இருக்கிறது என்று எங்கள் உறுப்பினர்களே கேட்டார்கள். நிறுவனங்கள் கைமாறுகின்றன, இணைகின்றன, மூடப்படுகின்றன. கோப்பு வடிவங்கள் காலாவதியாகின்றன. பத்தாண்டு அலமாரியில் கிடந்த ஹார்ட் டிஸ்க் திறக்காமல் போவது படத்தொகுப்பாளர்கள் எல்லோருக்கும் தெரிந்த துயரம். பிரதி கசிந்து திருட்டு இணையத்துக்குப் போய்விடுமே என்ற தயாரிப்பாளர்களின் பயத்தையும் மதிக்கிறோம். காப்பகப் பிரதி உரிமைக் காலம் முடியும்வரை பொதுப் பார்வைக்கு அல்ல, ஆய்வாளர் காப்பகத்துக்குள் அமர்ந்து பார்ப்பதற்கு மட்டுமே என்று சட்டத்திலேயே எழுதிவிடலாம்.

சட்டத்தில் மேலும் மூன்றைச் சேர்க்கக் கேட்கிறோம். வெளியீட்டுக்குப் பின் படத்தில் எதை மாற்றினாலும் தேதியோடு அறிவித்து, மாற்றும் முன்பிருந்த பிரதியையும் ஒப்படைக்க வேண்டும். ஆதாய நோக்கமற்ற திரைப்படச் சங்கங்களுக்கும் கல்லூரிகளுக்கும் நியாயமான கட்டணத்தில் ஒருமுறைத் திரையிடல் அனுமதி தர வேண்டும். கட்டணம் செலுத்த நாங்கள் தயார், கேட்பதற்கு ஓர் அலுவலகம்கூட இல்லை என்பதே குறை. மூன்றாவது, வசனத்தோடு காட்சியையும் பார்வையற்றோருக்கு விவரிக்கும் ஒலித்தடம் இருந்தால் அதுவும் பிரதியோடு சேர வேண்டும்.

ஒன்றிய அரசுக்காகக் காத்திராமல் தமிழ்நாடு அரசு தமிழ்ப் படங்களுக்கென ஒரு காப்பகத்தைச் சென்னையில் தொடங்க வேண்டும். 2024இல் கேரள அரசு தன் பொறுப்பில் ‘சி ஸ்பேஸ்’ என்ற ஓடிடி தளத்தையே தொடங்கியது. மாநில அரசால் ஆகாத காரியமல்ல இது.

இணையத்தில் மட்டும் வெளியான படங்களில் வேலை செய்த இயக்குநர்கள், ஒளிப்பதிவாளர்கள், படத்தொகுப்பாளர்கள், உதவி இயக்குநர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் படத்தின் இறுதிப் பிரதி இன்று யாரிடம், எந்த வடிவில் இருக்கிறது என்பதைத் தயாரிப்பாளரிடம் எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள். அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், காப்பகத்துக்கு ஒரு பிரதி என்ற வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்.